ஊட்டித் தவளைக்கு ஸ்வெட்டர் கிடையாது: மலைக்குளிரை மொட்டைமாடியில் படிக்கத் தொடங்குவது எப்படி

மார்கழி விடிகாலையில் சென்னையில் 21 டிகிரி இருக்கும். அதற்கே பால் வாங்கப் போகிறவர் குரங்குக் குல்லாய் மாட்டியிருப்பார். அதே நேரம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் புல்வெளியில் உறைபனி உப்புத் தூவினாற்போல் படிந்து கிடக்கும். அந்தப் புல்லின் தூருக்குள் கட்டைவிரலின் மேல்கணு அளவில் ஒரு புதர்த் தவளை உட்கார்ந்திருக்கலாம். அதற்குக் கம்பளி இல்லை, ரோமம் இல்லை, போதாக்குறைக்கு உடம்பு முழுக்க ஈரம்.

அது எப்படிச் சமாளிக்கிறது என்று அளந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கால்வாசி வேலையை உங்கள் வீட்டு மாடியிலும் குளியலறையிலும் முடித்துவிடலாம். மலைக்குக் கடைசியில் போனால் போதும். எடுத்த எடுப்பில் மலையேறினால் குளிர் தெரியும், தவளை தெரியாது. முதல் தடவை நான் அப்படித்தான் போய், ஜலதோஷத்தோடு திரும்பினேன்.

முதலில் ஒரு சொல்லை மறந்துவிடுங்கள்

பள்ளிக்கூடத்தில் ‘குளிர் ரத்தப் பிராணி’ என்று படித்திருப்போம். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் தெருவிளக்கின் கீழே ஈசல் பிடிக்கும் தேரையை அளந்தால் 29, 30 டிகிரி காட்டுகிறது. அந்த ரத்தத்தில் குளிர் எங்கே இருக்கிறது? தவளை, தேரை, சாலமாண்டர் போன்ற நீர்நில வாழ்விகள் தங்கள் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதற்கென்று உள்ளே அடுப்பு எரிப்பதில்லை. நாம் சாப்பிடும் சோற்றில் பெரும்பங்கு உடம்பை 37 டிகிரியில் வைத்திருக்கவே செலவாகிறது. அவை அந்தச் செலவே செய்வதில்லை. வேண்டிய சூட்டை வெளியே தேடிப் போய் எடுத்துக்கொள்கின்றன.

ஆகையால் தவளையின் சூட்டை அளக்கப் போகிறவர் உண்மையில் அளப்பது அது உட்கார்ந்திருக்கும் இடத்தைத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பானையும் தவளையும்

சூட்டைத் தேடிப் போகிறது என்றால் ஓணானும் அதைத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். காலையில் காம்பவுண்டுச் சுவரில் ஏறி முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். தவளையால் அப்படிக் கிடக்க முடியாது. ஓணானின் தோல் செதில் போர்த்தியது, தண்ணீரை விடாது. தவளையின் தோல் வழியாகத் தண்ணீர் இரண்டு பக்கமும் போய் வரும், மூச்சுக்காற்றும் போய் வரும். அதை அடைத்துவிட்டால் மூச்சே குறைந்துபோகும்.

ஈரத்தோல் என்றால் ஆவியாதல். கோடையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் தவளையின் உடம்பும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து நிற்கும். சென்னையில் அது வரம். மலையில் அதே குணம் தண்டனை. ஏற்கனவே 10 டிகிரி குளிரில், காய்ந்த காற்றும் வீசினால் தவளை இன்னும் கீழே இறங்கிவிடும். வெயில் காயலாம் என்றாலோ, ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் தண்ணீரைக் கொடுத்தாகவேண்டும். வெயிலைத் தண்ணீர் கொடுத்து வாங்குகிற பிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான்கள்

கண்ணாடித் தெர்மாமீட்டர் இரண்டு. பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 0-க்குக் கீழேயும் அளவு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, துணியின் வால் ஒரு சின்னக் கிண்ணித் தண்ணீரில் தொங்கும்படி கட்டுங்கள். இதுதான் ஈரக்குமிழ். மற்றது உலர்குமிழ். இரண்டையும் நிழலில், காற்று படும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால், உலர்குமிழ் காற்றின் சூட்டைச் சொல்லும். நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஈரத்தவளை எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை ஈரக்குமிழ் ஏறக்குறைய சொல்லிவிடும்.

என் நோட்டிலிருந்து இரண்டு வரிகள்: சென்னையில் மே மாத மதியம், உலர் 36, ஈரம் 27.5. ஊட்டியில் ஜனவரி மாத மதியம், வறண்ட காற்று, உலர் 18, ஈரம் 10-க்குச் சற்றுக் கீழே. நாம் ‘இதமான வெயில்’ என்று போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த மதியத்தில், நிழலில் மாட்டிக்கொண்ட தவளைக்கு 10 டிகிரி.

அடுத்தது, தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கலாம். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியை எடுத்து வராதீர்கள். நான் கொண்டுபோனேன். மனிதக் காய்ச்சலுக்கென்று செய்த அந்தக் கருவி எந்தத் தவளையைக் காட்டினாலும் ‘லோ’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. தொழிற்சாலை வேலைக்கு விற்கும் வகைதான் வேண்டும்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் 12:1 என்று போட்டிருந்தால், 12 அங்குலத் தூரத்தில் அது ஒரு அங்குல வட்டத்தின் சராசரியைச் சொல்கிறது என்று அர்த்தம். முக்கால் அங்குலத் தவளையை ஓரடி தள்ளி நின்று அளந்தால் பாதி இலைதான் கணக்கில் வரும். நாலைந்து அங்குலம் வரை மெதுவாக நெருங்கவேண்டும். சிவப்பு லேசர் புள்ளி குறி காட்ட மட்டுமே. அதைத் தவளையின் கண்ணில் அடிக்காமல் அணைத்துவிடுங்கள். கருவி சொல்வது தோலின் சூடு. சின்னத் தவளைக்கு உள்ளும் புறமும் பெரிய வித்தியாசம் இருக்காது, கொழுத்த தேரைக்குக் கொஞ்சம் இருக்கும்.

இவை போகச் சமையலறைத் தராசு ஒன்று, நோட்டு, பென்சில். மழையில் பேனா எழுதாது.

கடல்பாசித் தவளை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தவளையின் உருவத்தில் அகர் பொம்மை செய்து காட்டில் வைத்து அளப்பது ஆய்வாளர்கள் செய்கிற வேலைதான். அகர் என்றால் வேறொன்றுமில்லை, நோன்புக்காலத்தில் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசி. பெரும்பகுதி தண்ணீர், வெளியே ஈரம், ஆவியாகும். தவளைக்கு இதைவிட நல்ல மாற்று கிடைக்காது.

10 கிராம் கடல்பாசியை அரை லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் கரையும்வரை காய்ச்சுங்கள். சர்க்கரை வேண்டாம். குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றி ஆறவிட்டால், தேரை முதுகுபோல் உருண்டையான கட்டிகள் கிடைக்கும். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். மூன்றாவதைக் காய்ச்சும்போதே கறுப்பு இங்க் கலந்து செய்து, அதையும் தாளால் சுற்றுங்கள். முதலாவது தவளை, இரண்டாவது ஓணான், மூன்றாவது கறுத்த ஓணான். மூன்றையும் எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, மாடியில் தெர்மாகோல் துண்டின்மேல் காலை வெயிலில் வையுங்கள். வெறும் தளத்தில் வைத்தால் தளத்துச் சூடு கணக்கைக் கெடுக்கும். தெர்மாமீட்டர் நுனியைக் கட்டிக்குள் செருகி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பக்கத்திலேயே இருங்கள். நான் காபி குடிக்கக் கீழே போன நேரத்தில் முதல் தவளையைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்துக் கொத்திப் பார்த்துவிட்டு, ருசி பிடிக்காமல் விட்டுவிட்டது.

இரண்டாவது முயற்சி, ஜனவரி மாதம், காலை ஒன்பதரை மணி, காற்று 27 டிகிரி. அரைமணியில் சுற்றாத கட்டி 28-ல் நின்றுவிட்டது. சுற்றியது 37. இங்க் கலந்து சுற்றியது 40-ஐத் தொட்டது. மூன்றுக்கும் ஒரே வெயில்தான். ஈரத்தோல் ஒன்பது டிகிரியைத் தின்றுவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் தராசில் வைத்தால் சுற்றாத 25 கிராம் கட்டி ஒரு கிராமுக்கு மேல் இளைத்திருந்தது. நாள் முழுக்க இப்படிப் போனால் உயிருள்ள தவளை என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

விசிறியைக் காட்டிப் பாருங்கள், நிழலில் வைத்துப் பாருங்கள், ஈரச்சாக்கின்மேல் வைத்துப் பாருங்கள். மலையில் நீங்கள் பார்க்கப்போகும் எல்லாமே இந்த விளையாட்டின் மறுபதிப்புதான்.

வீட்டுக்குள் இருப்பவர்

அடுத்து உயிருள்ளது. புறநகரில் பழைய வீடாக இருந்தால் குளியலறை வாளிக்குப் பின்னாலோ சுவிட்சுப் பெட்டிக்குள்ளோ ஒரு மரத்தவளை இருக்கும். கால்களை மடக்கி, உடம்புக்கு அடியில் சொருகி, சுவரில் அப்பின களிமண்மாதிரி பகலெல்லாம் அசையாது. அந்த உட்காரும் விதமே ஒரு ஏற்பாடு. வெளியே தெரியும் ஈரப்பரப்பு குறைந்தால் தண்ணீர் இழப்பும் குறையும். இந்த இனத்துக்கு இன்னொரு வித்தையும் தெரியும். தோலில் சுரக்கும் கொழுப்புப் பசையைக் கால்களால் உடம்பெங்கும் தேய்த்துப் பூசிக்கொள்ளும். நாம் எண்ணெய் தேய்த்துக் கொள்வதுபோலத்தான். அதனால் ஆவியாதல் ஓரளவு மட்டுப்படும். நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், கடைசிவரை கண் சிமிட்டாமல் பார்த்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் டார்ச்சோடு தெருவில் இறங்குங்கள். பள்ளிக்கரணை, மேடவாக்கம், தாம்பரம் பக்கம் இன்னும் காலிமனை இருக்கிற இடங்களில் தண்ணீர் தேங்கினால், மஞ்சள் பூசிக்கொண்ட ஆண் பெருந்தவளைகள் கத்தும். மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த நுணல்கள் வெளியே வரும். நம்மூரில் சூட்டுக்குப் பயந்து மண்ணுக்குள் போவதும், மலையில் குளிருக்குப் பயந்து மண்ணுக்குள் போவதும் ஒரே தந்திரம்தான். ஒரு சாண் ஆழத்தில் வெயிலும் பனியும் பாதியாகிவிடும். தேங்கின தண்ணீர், ஈரமண், தவளையின் முதுகு என்று மூன்றையும் அளந்து எழுதுங்கள். நாலைந்து இரவு செய்தால் கை பழகிவிடும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அளக்கிறவருக்கு அந்த வாய் ஒரு தெர்மாமீட்டர். உடம்பு குளிர்ந்தால் தசை மெதுவாகும், கத்தலும் மெதுவாகும். போனில் தவளைச் சத்தம் பதிவு செய்தால், அந்த நேரத்துச் சூட்டையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள். இல்லையென்றால், பின்னால் கேட்கும்போது வேறு இனமா அல்லது அதே இனம் குளிரில் கத்தியதா என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

இனி மலை

சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ். சொந்தக் காரில் போவதென்றால் 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், முதலிலேயே எடுத்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் இரவில் நுழைய வனத்துறை அனுமதி தேவை. அது இல்லாமல் ‘சும்மா ஓரமாக’ என்று போவது சட்டத்துக்கும் ஆகாது, காட்டெருமைக்கும் ஆகாது. புதியவருக்குத் தங்கும் விடுதித் தோட்டம், எஸ்டேட் ஓடை, சாலையோரப் பாசிச் சுவர், இவையே தாராளம். ஓடைக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எப்போது போவது? தவளை பார்க்கவேண்டுமானால் ஜூன், ஜூலை. குளிரைப் படிக்கவேண்டுமானால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பனிக்காலத்தில் தவளைகள் மிகக் குறைவாகவே கண்ணில் படும், அதற்காக ஏமாறவேண்டாம். அப்போது அளக்கவேண்டியது அவை ஒளியும் இடங்களை.

விடியலுக்கு அரைமணி முன்னால் எழுந்து, ஒரே சரிவில் ஐந்து இடங்களை அளங்கள். ஒரு ஜனவரி விடியலில் எனக்குக் கிடைத்தது இது: திறந்த புல்லின் நுனி, பூஜ்யத்துக்குக் கீழே 1. அதே புல்லின் தூருக்குள் கைவிட்டால் 4. பாதி புதைந்த கல்லுக்கு அடியில் 6. பக்கத்துச் சோலைக்குள், அதாவது மலை மடிப்பில் அடர்ந்திருக்கும் மரக்காட்டுக்குள், சருகின் கீழே 8. ஓடைத் தண்ணீர் 9. எல்லாம் இருபது அடிக்குள். நமக்கு அது ஒரே குளிர். தவளைக்கு ஐந்து ஊர்.

சோலைக்கும் புல்வெளிக்கும் உள்ள இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல. புல்வெளியில் இறங்கும் உறைபனி சோலை மரக் கன்றுகளையே கருக்கிவிடும். கிளைகள் கூரைபோல மூடியிருப்பதால் சோலைக்குள் அந்தப் பனி விழுவதில்லை. மலைத் தவளையின் ‘சூடு காக்கும் முறை’ என்று எதையாவது சொல்லவேண்டுமானால் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான். சரியான இடத்தைத் தேர்ந்து, அங்கே சும்மா இருப்பது. சும்மா இருப்பதும் லேசான காரியமில்லை. உடம்பு பத்து டிகிரி இறங்கினால் உயிர்வாழும் செலவு பாதிக்கும் கீழே போய்விடும். இதயம் மெதுவாகும், பசி போய்விடும், தோல் வழியாகக் கிடைக்கும் ஆக்ஸிஜனே ஏறக்குறைய போதும் என்றாகிவிடும்.

வெயில் காய்வதும் நடக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஒரு தேரை இருக்கிறது, ரைனெல்லா ஸ்பைனுலோசா என்று பெயர். உறைகிற இரவு கழிந்து வெயில் வந்ததும் வெளியே வந்து கிடந்து, சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி உடம்பை ஏற்றிக்கொள்ளும். நம் கடல்பாசிக் கட்டி ஒரு டிகிரிதானே ஏறியது? மலையில் கணக்கு மாறுகிறது. குளிர்ந்த உடம்பிலிருந்து தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், உயரத்தில் வெயிலோ சுள்ளென்று இருக்கும். அதோடு தவளையும் தேரையும் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றின் பின்பக்கத் தோலால் உறிஞ்சும். ஈரமண்ணில் வயிற்றை அழுத்திக்கொண்டு முதுகை வெயிலுக்குக் காட்டினால், மேலே செலவாவது கீழே வரவாகிவிடும். நீலகிரியில் பத்து மணி வெயிலில் ஈரப்பாசியின்மேல் ஒரு தவளை அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நடுவில் நிழல் விழாமல் நில்லுங்கள். முதுகையும் பாசியையும் காற்றையும் அளங்கள். சின்னத் தவளை சில நிமிடங்களில் சூடேறும், மேகம் மறைத்தால் அதே வேகத்தில் ஆறும். சேமித்து வைக்க அதற்கு உடம்பு போதாது.

வேறு சில, நிலத்து வம்பே வேண்டாம் என்று தண்ணீரோடு இருந்துவிடும். அதே ஆண்டிஸ் மலையில், ஏறக்குறைய 3800 மீட்டர் உயரத்து டிட்டிகாக்கா ஏரியில் ஒரு பெரிய தவளை இருக்கிறது. கரையில் இரவு உறையும், ஏரித் தண்ணீரோ ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது. அதன் தோல் பெரியவர் சட்டையைச் சிறுவன் போட்டதுபோல மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அவ்வளவும் மூச்சுக்கான பரப்பு. காற்று போதாதபோது தண்ணீருக்குள் தண்டால் எடுப்பதுபோல் மேலும் கீழும் அசைந்து மடிப்புகளில் புதுத் தண்ணீரைப் பாய்ச்சும். நம் ஓடைகளில் கல்லிடுக்கில் பதுங்கும் சின்னத் தவளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஏரி நினைவு வரும்.

மாடியில் கட்டிக்குக் கூடுதல் சூடு ஏற்றிய கறுப்பு நிறம், முட்டைக்குப் பதில் குட்டி, இரண்டும் ஒரே பிராணியில் சேர்ந்து வருவதைப் பார்க்க ஆல்ப்ஸ் போகவேண்டும். அங்குள்ள கருஞ்சாலமாண்டர் மினுமினுக்கும் கறுப்பு, குட்டி போடும் வகை. குளிர்ந்த குட்டையில் முட்டையிட்டு ஆபத்தை விலைக்கு வாங்காமல், இரண்டு மூன்று வருடம் வயிற்றிலேயே சுமக்கும். உயரம் கூடினால் இன்னும் நீளும். நம் புதர்த் தவளைகளும் தலைப்பிரட்டை வளர்க்கக் குட்டை தேடுவதில்லை. முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். இதைக் குளிருக்காகவே வந்த ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. தாழ்ந்த இடத்துப் புதர்த் தவளைகளும் அப்படித்தான். இந்தத் தவளைகளின் பேரினத்துக்கு ரவோர்கெஸ்டஸ் என்று பெயர். பெங்களூரில் வேலை பார்த்த விலங்கியலாளர் சி. ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-ல் வைத்தது. அதே ஆண்டு ஆனைமுடியிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு செம்மஞ்சள் தவளையும் இந்தக் கூட்டம்தான்.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘உறைஞ்சு போய் திரும்ப உசுரு வர்ற தவளை இருக்காமே?’ இருக்கிறது, வட அமெரிக்காவில். தோலில் பனி உறையத் தொடங்கியதும் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும், அது செல்களுக்குள் பனிக்கட்டி வராமல் காக்கும். உடம்புத் தண்ணீரில் பாதிக்குமேல் உறைந்து, இதயமும் நின்று, வசந்தத்தில் இளகி எழும். அதைத் தேடி ஊட்டிக்குப் போகாதீர்கள். நம் மலைத் தவளைகள் உறைவதைத் தவிர்க்கிற வழியில் போகிறவை.

கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்

தவளையைப் பிடிக்காதீர்கள். உங்கள் உள்ளங்கை 32, 33 டிகிரி. 10 டிகிரியில் இருக்கும் தவளைக்கு அது தோசைக்கல். நீங்கள் எடுத்த அளவும் அந்த நொடியே வீண். கையில் இருக்கும் கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் அதன் தோல் வழியாக உள்ளே இறங்கும்.

கல்லைப் புரட்டினால் ஒரு பக்கமாக மெல்லத் தூக்கி, அளந்து, அதே குழியில் அதே முகமாகத் திருப்பி வையுங்கள். அந்த 6 டிகிரி அறையை உண்டாக்கியது மேலே இருக்கும் பாரமும் இடுக்கில் இருக்கும் ஈரமும்தான். கோணலாக வைத்தால் அன்று இரவே பனி உள்ளே போகும்.

செருப்பும் ஷூவும் முக்கியம். கைட்ரிட் என்ற பூஞ்சை உலகம் முழுக்கத் தவளைகளின் தோலைப் பாதித்துக் கொன்றுவருகிறது. 17 முதல் 25 டிகிரிக்குள் அது நன்றாக வளரும், அதாவது மலை ஓடைகள் அதற்குத் தோதான இடம். ஒரு ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் சேற்றைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிடவேண்டும். ஊட்டியில் மூன்று நாள் ஆனாலும் ஷூ காயாது. நான் இரண்டு ஜோடி எடுத்துப்போகிறேன், ஒரு நாளைக்கு ஒரு ஓடை என்று வைத்துக்கொள்கிறேன். மிச்ச ஈரத்தைச் சென்னை வந்து, கடல்பாசிக் கட்டி வைத்த அதே மொட்டைமாடியில், ஒரு மதிய வெயிலில் காயவைத்துவிடலாம்.